கடல் தண்ணீர் குடித்த கார்

அத்தை கார் வாங்கியபோது எனக்கு ஒன்பது வயது. வெள்ளைக்காரர்கள் புதுச்சேரியை விட்டு ஒவ்வொரு குடும்பமாகக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது. கட்டில், அலமாரி, பீங்கான் தட்டு என்று அவர்கள் விட்டுப்போன சாமான்களெல்லாம் ஊருக்குள் கைமாறிக்கொண்டிருந்தன. கார்களும் அப்படித்தான். அவற்றை வாங்கித் துடைத்து விற்பதற்கென்றே கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவில் ஒருவர் கொட்டகை போட்டிருந்தார்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கிற வேலை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் மூலக்குளம், காலாப்பட்டு என்று எங்கிருந்தாவது ஆள் வந்து வாசலில் நிற்கும். ஒருமுறை மாட்டு வண்டியில் போய்ச் சேர்வதற்குள் தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள். அதற்கு நான்காம் நாள் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது, கார் வாங்கப் போவதாகச் சொன்னாள். மாமா பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து இந்தோசீனாவில் இறந்தவர். அதற்காக வந்த பணத்தை அத்தை அதுவரை தொடவே இல்லை.

அப்பாவும் சொல்தாதான். சைகோனில் படை லாரி ஓட்டியதாக எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். மழையில், சேற்றில், விளக்கைப் போடாமல் காட்டுப் பாதையில் லாரி போன கதையை அவர் சொன்னால் எங்கள் தெருப் பிள்ளைகள் மொத்தமும் வாயைப் பிளந்துகொண்டு கேட்கும். ஆகவே காரைப் பார்த்து வாங்குகிற பொறுப்பு அவருக்கு வந்ததில் யாருக்கும் ஆச்சரியமில்லை. வியாழக்கிழமை எங்கள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை என்பதால் நானும் ஒட்டிக்கொண்டேன்.

நீல நிறக் கார். மாதா கோயில் கண்ணாடியில் மட்டும்தான் அப்படியொரு நீலத்தை நான் பார்த்திருந்தேன். கொட்டகைக்காரர் அத்தையை மதாம் என்றும் அப்பாவை மிசியே என்றும் அழைத்தார். ஒரு வெள்ளைக்கார நீதிபதி எட்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போக மட்டும் வைத்திருந்த வண்டி என்று சொன்னார். அப்பா சைகோன் லாரிக் கதையைச் சொல்லிக்கொண்டே எஞ்சின் மூடியைத் திறந்து, தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக் கேட்டார். நான்கு சக்கரங்களையும் உதைத்துப் பார்த்தார். பிறகு அத்தையிடம் வந்து, "எஞ்சினு சுத்தமா இருக்குதுக்கா. கண்ண மூடிக்கினு வாங்கலாம்" என்றார்.

"சைகோன்ல லாரி ஓட்டுன கை. உங்ககிட்ட எதையாவது மறைக்க முடியுமா, மிசியே?" என்று சொல்லிக்கொண்டே கொட்டகைக்காரர் ஒரு தாளை நீட்டினார். அனுபவமுள்ள ஓட்டுநர் பரிசோதித்துத் திருப்தியடைந்தார் என்று அதில் எழுதியிருந்தது. அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

இதற்குள் நான் பின் இருக்கையில் ஏறி, கையெட்டிய இடத்தையெல்லாம் தோண்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மிதியடியைத் தூக்கினால் அடியில் மணல். இருக்கையின் இடுக்கில் விரலை விட்டால் சுண்டுவிரல் நகமளவு சிப்பிகள், ஒன்பதோ பத்தோ. கார் கடலுக்குப் போயிருக்கிறதா என்று கொட்டகைக்காரரிடமே கேட்டேன். அவர் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். நீதிபதியின் பிள்ளைகள் கடற்கரையில் விளையாடிவிட்டு அப்படியே வந்து ஏறுவார்கள் என்று சொல்லி, எனக்கு ஒரு புதினா மிட்டாய் கொடுத்தார். அவ்வளவு மணலைக் காலில் சுமந்து வருவதற்கு அந்த நீதிபதிக்கு எத்தனை பிள்ளைகள் இருந்திருப்பார்கள் என்று வீடு வரைக்கும் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். சிப்பிகள் என் பாவாடை முடிச்சில் இருந்தன.

ஒரு வாரம் கார் ஓடியது. பிறகு இருமத் தொடங்கியது. காலையில் கிளம்ப மறுத்தது. கதவைச் சாத்தினால் எங்கிருந்தோ செம்புழுதி கொட்டியது. ஒவ்வொன்றுக்கும் அப்பா ஒரு காரணம் சொன்னார். வெள்ளைக்காரன் வண்டி, நம்ம ஊர் வெயில் பழக வேண்டும் என்பது அதில் ஒன்று. எட்டு வருடமாக இதே ஊரில்தானே ஓடியது என்று நான் கேட்டதும் அவர் துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

ஒரு மத்தியானம் மூலக்குளத்திலிருந்து ஆள் வந்தது. தலைப்பிரசவம். அப்பாதான் காரை ஓட்டினார்; நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். வில்லியனூர் சாலையில் பாதி வழியில் கார் நின்றது, நின்றதுதான். அத்தை பையை எடுத்துக்கொண்டு இறங்கி, வெயிலில் நடக்கத் தொடங்கினாள். நடையா ஓட்டமா என்று சொல்ல முடியாது. அப்பா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே பார்த்தபடி நின்றார். வெகுநேரம் நின்றார். எதைப் பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். சூடு ஆறட்டும் என்றார். நல்லவேளையாகப் பிள்ளை அத்தைக்குக் காத்திராமல் தானாகவே பிறந்து அழுதுகொண்டிருந்ததாம்.

காரை மாடு கட்டி இழுத்து வந்து ஒரு மெக்கானிக்கிடம் விட்டோம். அவர் எஞ்சினைப் பார்க்கவே இல்லை. கதவின் அடிப்பக்கத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து லேசாக அழுத்தினார். நமுத்த அப்பளத்தில் இறங்குவது போல அது இறங்கியது.

"இது கடத்தண்ணியில முழுகிக் கெடந்த வண்டிம்மா. புயல்ல கரையோரமா நின்னிருக்கும். மேல பெயிண்ட் அடிச்சு வித்துட்டான். வாங்குறப்ப வண்டி தெரிஞ்சவங்க யார்கிட்டயும் காட்டலியா?"

அத்தை குனிந்து அந்த ஓட்டையைப் பார்த்தாள். எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். ஜன்னல் வழியாக மீன்கள் உள்ளே வந்து, நீதிபதி உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து போயிருக்கும். கடலோரத்து வைத்திக்குப்பத்து மீனவப் பிள்ளைகளிடம் கூட இப்படியொரு கார் இல்லை. பத்திரமாக வைத்திருந்த சிப்பிகளை எடுத்துவந்து எல்லோருக்கும் காட்டினேன். அப்பா அவற்றைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் கொட்டகைக்குப் போனோம். அங்கே கார் பார்க்க வந்தவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். அப்பாவுக்குத் தெரிந்த முகங்கள். கொட்டகைக்காரர் சத்தம் போடவில்லை. அந்தத் தாளை எடுத்து மேசைமேல் விரித்தார்.

"நான் எதையும் மறைக்கல மதாம். லாரி ஓட்டுனவரு, எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டாரு. இல்லன்னா, 'எனக்கு வண்டியப் பத்தி ஒண்ணும் தெரியாது, தெரிஞ்ச மாதிரி பொய் சொன்னேன்'னு அவரே இதுக்குக் கீழ எழுதி, இவங்க முன்னால ஒரு தபா படிக்கட்டும். வண்டிய இப்பவே திருப்பி எடுத்துக்கறேன்."

அப்பா தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பேனாவுக்காகக் கையை நீட்டினார் என்றுதான் ஞாபகம். அதற்குள் அத்தை தாளை மடித்துக் கொட்டகைக்காரர் பக்கமே தள்ளிவிட்டாள்.

"என் தம்பி அன்னிக்கே வேணான்னான். நான்தான் கலரப் பாத்து மயங்கிட்டேன். என் புடிவாதம் பொறுக்காம அவன் கையெழுத்துப் போட்டான். நீ எழுதுடா தம்பின்னு நான் எப்படிச் சொல்லுவேன்? வண்டி எங்கிட்டயே இருக்கட்டும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்றைக்கு நானும்தானே அங்கே இருந்தேன். "இல்ல அத்தை, அப்பாதான்..." என்று தொடங்கினேன். அத்தை என் கையைப் பிடித்து அழுத்தினாள். வலித்தது. பேச்சை நிறுத்திவிட்டேன்.

திரும்பி வரும் வழியில், ஏன் பொய் சொன்னாய் என்று அத்தையைக் கேட்டேன். உனக்கு அந்த நீலம் பிடிக்கவில்லையா என்று என்னையே திருப்பிக் கேட்டாள். பெரியவர்கள் பொய் சொன்னால் பாவமில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன். அப்பா எங்களுக்குப் பத்தடி பின்னால் வந்துகொண்டிருந்தார்.

கார் கடைசியில் பழைய இரும்பாகப் போயிற்று. அப்பா காலமான பிறகு, துக்கம் கேட்க வந்த ஒரு கிழட்டுச் சொல்தா பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: சைகோனில் அப்பா இருந்தது சமையல் லாரியில். ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, குலுக்கலில் சோற்றுக் குண்டான் கவிழாமல் பார்த்துக்கொண்டு போவது அவர் வேலை. முகாம் மைதானத்தில் பொழுதுபோக்காக வண்டி ஓட்டிப் பழகியதோடு சரி. அத்தைக்கு இது தெரியுமா என்று நான் அவளைக் கேட்கவில்லை.

கார் பழைய இரும்புக்குப் போன அந்த மாதமே அப்பா ஒரு சைக்கிள் வாங்கினார். யார் வந்து எந்த ஊருக்குக் கூப்பிட்டாலும், சாப்பாட்டில் கை வைத்திருந்தாலும் அப்படியே எழுந்து கழுவிக்கொண்டு, அத்தையைப் பின்னால் உட்கார வைத்து மிதிப்பார். காலாப்பட்டுக்குக் கூட மிதித்திருக்கிறார். அத்தை வேலையிலிருந்து ஓய்வு பெறும் வரைக்கும் அது நடந்தது. அப்பாவுக்குச் சைக்கிள் விடுவது அவ்வளவு பிடிக்கும் என்றுதான் நான் நெடுங்காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.