சுவருக்குள் முந்நூற்று இருபது வாட்

கீழ்பென்னாத்தூர் எலக்ட்ரீஷியன் ஏகாம்பரம் நேற்றுக் காலை இறந்துவிட்டார். தகவலைப் போனில் சொன்னவள் அவருடைய மகள் கோமதி. அப்பாவோடு ஒயரிங் வேலைக்குப் போகிறவள். மாரடைப்பா என்று கேட்டேன். "டாக்டர் இன்னும் எழுதிக் குடுக்கல மாமா. நீங்களா பேப்பர்ல எதையாவது போட்டுடாதீங்க, அப்பா எழுந்து வந்து சண்டை போடுவாரு" என்றாள், அழுகையின் நடுவே. ஆகவே காரணத்தை நான் எழுதவில்லை.

அவரை வேலைக்குக் கூப்பிட்ட யாருக்கும் அந்த எரிச்சல் மறந்திருக்காது. என் வீட்டு மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. வேறு யாராக இருந்தாலும் கண்டென்சரை மாற்றிவிட்டுப் போயிருப்பார்கள். இவர் வோல்ட் பார்த்தார், ஆம்பியர் பார்த்தார், பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் வகுத்தார், பெருக்கினார். முக்கால் மணி நேரம் வியர்வையில் நனைந்தேன்.

"ஃபேன் சுத்தினா போதும்பா."

"சுத்துறது வேற, சரியா சுத்துறது வேற. வாய மூடிக்கினு டார்ச்சைப் புடி."

கடைசியில் அவர் மாற்றியது கண்டென்சரைத்தான்.

எங்கள் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எங்கே தீப்பிடித்தாலும், யாரும் எதையும் அளந்து பார்ப்பதற்குள் 'மின்கசிவு' என்று எழுதிவிடுவோம். நானும் எழுதினேன். ஒவ்வொரு முறையும் காலையில் அவரிடமிருந்து போன் வரும். "எத்தனை ஆம்பியர் கசிஞ்சிது? யாரு அளந்தது? நீயா?" பல நாள் அவர் பெயரைத் திரையில் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

அடி அண்ணாமலையில் மல்லிகாவின் இட்லிக் கடை எரிந்தபோதும் அதையே எழுதினேன்: கிரைண்டரில் மின்கசிவு. கட்டட உரிமையாளர் அந்தச் செய்தியை வெட்டி லேமினேட் செய்துகொண்டார். "பேப்பர்லயே வந்துட்டுது. உன் கிரைண்டராலதான் எரிஞ்சிது, காலி பண்ணும்மா" என்றார். மல்லிகாவின் பிழைப்பே அந்த ஒரு கடைதான். கிரிவலப் பாதையில் இன்னொரு இடம் அவருக்கு யார் தருவார்கள்?

இந்த முறை ஏகாம்பரம் போன் செய்யவில்லை. மொபெட்டில் வந்து என்னை ஏற்றிக்கொண்டு போனார். வழி முழுக்கத் திட்டினார்.

அந்தக் கட்டடத்தில் மூன்று கடைகள். மூன்றுக்கும் உரிமையாளர் வைத்த ஒரே ஆளின் ஒயரிங். பக்கத்து டீக்கடையில் வெந்நீர் ஹீட்டரைப் போடச் சொல்லி அளந்தார். மீட்டர் பெட்டியில் 228 வோல்ட். ஹீட்டர் பிளக்கில் 188. ஓடிய மின்சாரம் எட்டு ஆம்பியர்.

"நடுவுல நாப்பது வோல்ட் எங்கய்யா போச்சு?" என்று கேட்டுவிட்டு, ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதினார். நாற்பதை எட்டால் வகுத்தால் ஐந்து ஓம். "இத்தினியூண்டு ஒயருக்கு அரை ஓம்கூட இருக்கக் கூடாது." நாற்பதை எட்டால் பெருக்கினால் முந்நூற்று இருபது வாட். சுவரைத் தடவிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார். "கைய வை." வைத்தேன், உடனே எடுத்தேன். "சுவத்துக்குள்ள அடுப்பை ஏத்திவெச்சிட்டு கிரைண்டர் மேல பழி போடறாங்க."

மெயினை அணைத்துவிட்டுப் பூச்சைத் தட்டினார். இரண்டு கம்பிகளை வெறுமனே முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள், டேப் கருகியிருந்தது. மல்லிகாவின் கடையில் தீ கருக்கித் துளைத்திருந்ததும் சுவரில் அதே உயரத்தில்தான். கிரைண்டர் எதிர்மூலையில் இருந்தது. செய்தி எழுதும் முன் நான் அங்கே போய்ப் பார்க்கவில்லை.

"இதெல்லாம் இஸ்கூல் பசங்க கணக்கு" என்றார், அங்கே வந்து நின்ற உரிமையாளர்.

"பசங்க போடற கணக்குதான். உனக்கு ஏன் வரல?"

திருத்தம் வெளியிட்டோம், நான்கு வரி. அதற்கும் திட்டு. "தப்பை முதல் பக்கத்துல போட்ட. திருத்தத்தைப் பல்பொடி விளம்பரத்துக்குக் கீழ போடறியே."

மல்லிகா வேங்கிக்கால் கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்தார். அளந்தவரே மின் ஆய்வாளர் முன்னால் மறுபடி அளந்து காட்ட வேண்டும் என்றார்கள். இரண்டு முறை நாள் குறித்தார்கள். இரண்டு முறையும் ஏகாம்பரம் மீட்டரோடு போய் நின்றார், ஆய்வாளர் வரவில்லை. "வரட்டும், கம்பி எங்க போயிடும்?" என்றார். அந்த முறுக்கை அவர் சரிசெய்யவில்லை. ஹீட்டர் இணைப்பை மட்டும் கழற்றிவிட்டு, ஆய்வாளர் பார்ப்பதற்காக அப்படியே விட்டுவைத்தார். யார் சொல்லியும் கேட்காத மனிதர், மூன்றாவது முறை நாள் குறித்த பிறகு இறந்துபோய்விட்டார். இதற்கும் அவர் மேல் எனக்குக் கோபம்தான்.

கணக்குப் போட்ட அந்தக் கல்யாணப் பத்திரிகை என்னிடம் இருக்கிறது. தீ விபத்துச் செய்தி எழுதும்போது 'யாரு அளந்தது?' என்ற கேள்வியும் இருக்கும். இனி போனைக் கவிழ்த்து வைத்து அதைத் தவிர்க்க முடியாது.

ஆய்வாளர் வரும் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு வருவார் என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். அப்பாவுக்குப் பதிலாக மகள் அளக்கலாமா என்று கேட்டேன். உரிமம் இருந்தால் சரி என்றார்கள். கோமதியிடம் இருக்கிறது. அதுவரை மல்லிகாவின் கடை பூட்டியிருக்கும். அன்று மீட்டரைக் கோமதி பிடிப்பாள். நான் டார்ச்சைப் பிடிப்பேன்.