ஒளுத் தண்ணீர் குடித்த மருதாணி

இதை எழுத வருடக்கணக்கில் தயங்கினேன். அந்த மருதாணி மரம் ஒரு கோடையில் பிழைத்ததை ஊரில் அற்புதம் என்கிறார்கள். மாற்றிச் சொன்னால் எனக்கு ஈமான், இறைநம்பிக்கை, குறைவு என்பார்களோ என்று பயம். நேற்று பேத்தி கையில் வைத்த கோன் மருதாணியின் மண்ணெண்ணெய் வாடைக்குப் பிறகு மனது கேட்கவில்லை.

என் சின்ன வயதில், நல்லம்பள்ளிப் பக்கத்து எங்கள் பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவி ஒளு செய்கிற தண்ணீர் கல்வாய்க்காலில் சலசலத்து ஓடி, வெளிச்சுவரோர மருதாணியின் வேரில் போய் நிற்கும். ஈரமண்ணும் இலையும் சேர்ந்து மணக்க, பெருநாளுக்கு நாங்களும் ஆடிக்குக் குடியானவர் வீட்டுப் பெண்களும் மடி நிறையப் பறிப்போம். சுற்றிலும் ஆயில் இன்ஜின் வைத்து ஓயாமல் இறைத்ததில் ஒரு கோடையில் பள்ளிவாசல் கிணறு வற்றியது. ஆண்கள் வீட்டிலேயே, தூரத்திலிருந்து சுமந்து வந்த தண்ணீரில் ஒளு செய்தார்கள். மருதாணி இலை சுருண்டது.

இலை பறிக்க வந்து வெறும் மடியோடு நின்ற முனியம்மா ஆத்தா அம்மாவிடம் கேட்டாள்: "உங்க வூட்டு ஆம்பளைங்க மூஞ்சி கழுவுற தண்ணி இப்ப எங்கம்மா போவுது?"

"சாக்கடைக்குத்தான் ஆத்தா."

"அப்ப இந்த வருசம் சாக்கடைதான் மருதாணி வெச்சுக்குமா?"

அம்மா சிரித்தாள்; என் தகப்பனார் அத்தாவிடமும் அதைச் சொன்னாள். அன்று மாலை முதல் அத்தா பித்தளைத் தாம்பாளத்தின் மேல் குனிந்து ஒரே செம்பில் ஒளு செய்தார். விழுந்த தண்ணீரை நான் மரத்துக்குச் சுமந்தேன். பார்த்து மற்ற வீடுகளும் சுமந்தன. மரம் துளிர்த்தது. பின்னாளில் சாலையை அகலமாக்கியபோதுதான் அது போயிற்று.

காத்தவன் அல்லாஹ்தான். ஆனால் இதை யாருக்காவது சொன்னால், தாம்பாளத்தையும் முனியம்மா ஆத்தாவையும் விட்டுவிடாமல், இப்படியே சொல்லுங்கள்.