இப்ராகிம் பாய் படித்த எலும்புகள்

சென்ற வெள்ளிக்கிழமை காலை, கோட்டைமேட்டுக் கறிக்கடைக்காரர் இப்ராகிம் பாயின் மருமகன் எங்கள் அலுவலக வாசலில் வந்து நின்றார். “ஏனுங்க, மாமா மௌத்தாயிட்டாருங்க” என்றார். அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. அது இன்னும் ஆறவில்லை.

நான் பழம்பொருள் சேகரிக்கும் அலுவலகத்தில் குமாஸ்தா. மூன்று வருஷத்துக்கு முன் தாராபுரம் பக்கம், அமராவதிக் கரையில் கிணறு வெட்டியபோது ஆதிக் குடியிருப்பு ஒன்றின் குப்பைக்குழி அகப்பட்டது. பானைகளும் மணிகளும் மேலதிகாரியின் மேஜைக்குப் போயின. எலும்புகளை எறியச் சொன்னார். எனக்கு மனம் வரவில்லை. சாக்கில் கட்டி இப்ராகிம் பாயிடம் கொண்டுபோனேன். நாற்பது வருஷம் ஆடு அறுத்தவருக்குத் தெரியாத எலும்பா?

அவர் கடையைச் சாத்திவிட்டு, கோணியை விரித்து ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தார்.

“இது ஆடுங்க. மூட்டுல கத்தி வெச்ச தடத்தப் பாருங்க. நானும் இங்கதான் வெப்பேன்.”

பிறகு ஒரு மாட்டுக் காலெலும்பை எடுத்து வெகுநேரம் தடவினார். “முறிஞ்சு கூடியிருக்குதுங்க. கூடுற வரைக்கும் மாடு எப்படி மேயும்? ஆரோ தீவனமும் தண்ணியும் கொண்டுபோயி வெச்சிருக்கறாங்க. ஆட்டை அறுத்தவங்கதான் இதையும் காப்பாத்தியிருக்கறாங்க. பானையப் பாத்தா இது தெரியுமாங்க?”

அத்தனையையும் எழுதி, எலும்புச் சாக்கோடு போய் அதிகாரியிடம் நீட்டினேன். “கறி வெட்டுகிறவன் சரித்திரம் சொல்கிறானா?” என்றார். செத்த மாட்டெலும்பு தீட்டாம், அலுவலகத்துக்குள் வைக்கக் கூடாதாம். ஆட்டுக்கறி வெந்த பானை மட்டும் அவருக்குத் தீட்டாகப் படவில்லை. நானும் வாயை மூடிக்கொண்டு சாக்கை வாசலில் வைத்தேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. கறிக்கடைகளில் எலும்பு பொறுக்கும் உர மில் வண்டி எங்கள் தெரு வழியாக வந்தது. தனக்காக வைத்த சாக்கு என்று நினைத்து வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். நான் மில்லுக்கு ஓடிப்போய்ச் சேர்வதற்குள் அரைத்தாகிவிட்டது. “தொல்லை விட்டது” என்று அதிகாரி சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்கவே மாட்டேன். காலொடிந்த மாட்டையும் பேணிய மக்கள் அவர்கள் என்று பிற்பாடு அறிக்கையில் தம் கண்டுபிடிப்பாகவே எழுதிக்கொண்டார். இப்ராகிம் பாயின் பெயர் ஒரு மூலையில்கூட இல்லை.

போன மாதம் அவரைப் பார்க்கப் போனேன். படுக்கையிலிருந்து கேட்டார்: “அந்தக் காலெலும்பு பத்திரமா இருக்குதுங்களா?”

“கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது பாய்” என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மாலை கபரஸ்தானில் எல்லாரோடும் நானும் மூன்று கைப்பிடி மண் போட்டேன். பாய், நான் சொன்னது பொய். அது எந்த வயலுக்கு உரமாகப் போனதென்றுகூட எனக்குத் தெரியாது. சாக்கை வெளியே வைத்தது என் கைதான். போய் வாருங்கள்.