கழித்துக் கட்டிய புள்ளிகள்

1. டீ ஆறுவதற்குள்

ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டு மறுநாள் அதில் தப்பு கண்டுபிடிப்பதைப் போன்ற கொடுமை எங்கள் தொழிலில் வேறு கிடையாது. புனேயின் ஹடப்சர் பகுதியில் இருக்கும் எங்கள் ஆபீசில் எனக்கு அப்படி ஒரு காலை வாய்த்தது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்காகத் தொழிலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரேடார் செயற்கைக்கோள் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படம் எடுக்கிறது. கட்டடம், பாறை, பாலம் மாதிரி கெட்டியான பொருள்கள் ரேடார் அலையை ஒவ்வொரு முறையும் நன்றாகத் திருப்பி அனுப்பும். அப்படித் திருப்பி அனுப்புகிற ஒவ்வொன்றும் எங்களுக்கு ஒரு புள்ளி. பல மாதப் படங்களை ஒப்பிட்டால், அந்தப் புள்ளி சில மில்லிமீட்டர் நகர்ந்திருந்தாலும் தெரிந்துவிடும். புனே அளவுள்ள ஊருக்கு லட்சக்கணக்கில் புள்ளிகள் வரும். அவற்றில் பொய்யும் கலந்திருக்கும். காற்றில் ஈரம் ஏறினால் போதும், அசையாத பாறைகூட அசைந்ததாகக் கணக்குக் காட்டும்.

பொய்யைக் கழிக்க நாங்கள் அக்கம்பக்கம் விசாரிப்போம். ஒரு புள்ளி நகர்கிறதா? சுற்றி ஐம்பது மீட்டருக்குள் இருப்பவையும் அதே மாதிரி நகர்ந்தால் நம்புவோம். தன்னந்தனியாக ஆடினால் கழித்துவிடுவோம். மாப்பிள்ளையைப் பற்றித் தெருவில் நாலு பேரிடம் கேட்கிற அதே முறைதான்.

இதில் ஒரே தொல்லை நேரம். ஒவ்வொரு புள்ளிக்கும் மற்ற எல்லாப் புள்ளிகளோடும் தூரம் பார்த்துக்கொண்டு எங்கள் பழைய புரோகிராம் ஒரு நாள் முழுக்க ஓடும். கோயம்புத்தூரிலிருந்து வந்து எங்களோடு சேர்ந்த கார்த்திக் அதற்கு வழி கண்டான். வரைபடத்தைச் சதுரப் பெட்டிகளாக வெட்டினான். ஒவ்வொரு புள்ளியும் தன் பெட்டிக்குள் மட்டும் விசாரித்தால் போதும்.

"டீயை வாங்கிட்டு வந்து உக்காருங்க்கா. ஆறுறதுக்குள்ள ரன் முடிஞ்சிருமுங்க" என்றான்.

சொன்னபடியே முடிந்தது. புனே நகருக்குள் இருக்கும் கேம்ப் பகுதியை எடுத்துப் பழைய புரோகிராமையும் புதியதையும் ஓட்டிப் பார்த்தோம். இரண்டும் அச்சு அசலாக ஒன்றாகவே வந்தன. மேனேஜர் தேஷ்முக் எல்லோருக்கும் வடா பாவ் வரவழைத்தார்.

2. சுனந்தா தாயியின் கேள்வி

பொய்ப் புள்ளிகளைக் கழிக்கிற புரோகிராமை ஃபில்டர் என்போம். புதிய ஃபில்டரின் முதல் வேலை, ஊருக்கு வெளியே மலைச்சரிவில் இருந்த ஒரு பெண்கள் ஹாஸ்டல். அதன் பின்கட்டை ஒட்டி உயரமான கல்சுவர் ஒன்று மலையைத் தாங்கி நின்றது. கோடை விடுமுறை முடிந்து பிள்ளைகள் திரும்புகிற நேரமும் மழை தொடங்குகிற நேரமும் அங்கே ஒன்றுதான். பின்கட்டில் அவர்களைப் படுக்க வைக்கலாமா கூடாதா என்று ஹாஸ்டலை நடத்தும் டிரஸ்ட் எங்களிடம் கேட்டிருந்தது.

ஹாஸ்டல் வார்டன் பெயர் சுனந்தா. எல்லோரும் அக்கா என்ற பொருளில் தாயி என்றுதான் கூப்பிடுவார்கள். தினமும் எனக்கு ஃபோன் போடுவார். இந்தியில் பேசினார், நான் தமிழில் எழுதுகிறேன். "படுக்க வைக்கலாமா, வேண்டாமா, ஒரே வார்த்தை சொல்லுங்க. பெத்தவங்க வந்து என்னைத்தான் கேப்பாங்க, உங்க சேட்டிலைட்டைக் கேக்க மாட்டாங்க."

ஃபில்டரை ஓட்டினோம். படம் முழுக்கப் பச்சை. நகர்வு எதுவும் இல்லை என்று மாலையே ரிப்போர்ட் போய்விட்டது.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. ஃபில்டர் கழித்துப்போட்ட புள்ளிகளை மட்டும் தனியாக எடுத்து, நகர்வுக்குத் தக்கபடி நிறம் கொடுத்துப் படம் போட்டுப் பார்ப்பேன். குப்பை பொறுக்குவதாக ஆபீசில் கிண்டல் செய்வார்கள். பழைய புரோகிராம் பகுதி பகுதியாக ஓடும்போது, முடிந்த பகுதியின் குப்பையைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். புதிய ஃபில்டர் வந்தபின் காத்திருக்கிற நேரமே இல்லை. அதனால் இந்த முறை மறுநாள் காலைதான் அந்தப் படத்தைப் போட்டேன்.

கழித்த புள்ளிகள் கொட்டிய கடுகு மாதிரி கண்டபடி சிதறிக் கிடக்க வேண்டும். இங்கே அவை நெடுக்காகவும் குறுக்காகவும் கோடு கோடாக நின்றன, ஜன்னல் கம்பி மாதிரி. மலையும் மழையும் ஸ்கேல் வைத்துக் கோடு போடுவதில்லை. ஒரு கோடு நேராக ஹாஸ்டல் சுவர் மேல் ஓடியது. அந்த இடத்தில் புள்ளிகள் எல்லாம் சிவப்பு, அதாவது நகர்கிறவை. உடனே கார்த்திக்கைக் கூப்பிட்டேன்.

3. மேனேஜர் ஃபோனை எடுத்தார்

"கார்த்தி, கொஞ்சம் இங்கிட்டு வா. இது என்னன்னு சொல்லு."

அவன் குனிந்து பார்த்தான். முகம் மாறிவிட்டது.

"பெட்டி ஓரமுங்க்கா" என்றான். "அந்தச் சுவரு ரெண்டு பெட்டிக்கு நடுவுல விழுந்திருக்குதுங்க. பாதிப் புள்ளி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். ரெண்டு பக்கமும் ஆள் பத்தாம, தனிப்புள்ளின்னு தூக்கிப் போட்டிருச்சுங்க."

கேம்ப்பில் ஏன் இது தெரியவில்லை என்பதும் அப்போதே விளங்கியது. அங்கே கட்டடங்கள் தோளோடு தோள் இடித்து நிற்கின்றன. எந்தப் பெட்டியின் ஓரத்திலும் விசாரிக்க ஆள் இருக்கும். மலைச்சரிவில் மரமும் புல்லும்தான். புள்ளிகளே கொஞ்சம்.

"பக்கத்துப் பெட்டிலயும் கேட்டிருக்கணுமுங்க" என்று தலையில் கை வைத்துக்கொண்டான்.

"இப்பக் கேளு. அழுறத சாயங்காலம் வச்சுக்கலாம்."

சுற்றியுள்ள எட்டுப் பெட்டிகளிலும் விசாரிக்கும்படி மாற்றி ஓட்டினான். டீ ஆறிப்போகிற அளவுக்குத்தான் கூடுதல் நேரம் பிடித்தது. சிவப்பு வரிசை இந்த முறை கழியவில்லை. சுவர் ஹாஸ்டல் பக்கமாகத் தள்ளிக்கொண்டு வருகிறது என்பதில் சந்தேகமே இல்லை.

தேஷ்முக் படத்தைப் பார்த்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "ரிப்போர்ட் தோ கயா, மேடம்" என்றார், அதுதான் போய்விட்டதே என்று. போன ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்கினால் கம்பெனி பெயர் என்ன ஆகும் என்பது அவர் கவலை. பத்து நாள் போகட்டும், அப்டேட் என்று பெயர் போட்டு அனுப்பலாமே என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அதுக்குள்ள பிள்ளைங்க வந்து படுத்துரும் சார்" என்றேன். பதற்றத்தில் தமிழிலேயே சொல்லிவிட்டேன். பிறகு இந்தியில் சொன்னேன். அவர் சிவப்பு வரிசையை இன்னொரு முறை பார்த்தார். பிறகு தாமே ஃபோனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"தாயி, நாங்க நேத்துச் சொன்னது தப்பு. பின்கட்டுல யாரையும் படுக்க வைக்காதீங்க."

வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றோம்.

"தப்புன்னு நீங்களே சொல்றீங்க இல்லையா" என்றார் தாயி. "அப்ப இதை நம்பறேன்."

4. ஜூலை

தாயி பிள்ளைகளை முன்கட்டு வகுப்பறைகளில் படுக்க வைத்தார். இடநெருக்கடி என்று டிரஸ்ட்காரர்கள் முணுமுணுத்தார்களாம். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எங்கள் ஆபீசிலும் ஒரு வழக்கம் வந்தது. கழித்த புள்ளிகளின் படத்தை இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் எந்த ரிப்போர்ட்டும் வெளியே போகாது. தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: வேகமாக முடிகிற வேலையில் மிச்சமாகும் நேரத்தை, எதைத் தூக்கிப் போட்டோம் என்று பார்ப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தவறுக்குப் பிறகு கார்த்திக் சில வாரம் சரியாகவே பேசவில்லை. ஜூலையில் ஒரு மதியம், மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது, தாயியிடமிருந்து என் ஃபோனுக்கு இரண்டு வரி வந்தது. மராத்தியில் இருந்ததால் நிதானமாக எழுத்துக்கூட்டி அவனுக்குப் படித்துக் காட்டினேன்.

'சுவர் பின்கட்டு மேல் விழுந்துவிட்டது. பிள்ளைகள் எல்லோரும் முன்பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.'

கார்த்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "ரெண்டாவது வரிய இன்னொருக்கா படிங்க்கா" என்றான்.