சின்ன லீவர்

வெள்ளிக்கிழமை காலையில் வண்டி கழுவுவது நிர்மலாதேவியின் வேலை. அவள் கணவர் அருள்முருகன் ஓட்டுவார், ஆயில் பார்ப்பார், டயரை எட்டி உதைத்துப் பார்ப்பார். கழுவ மட்டும் மாட்டார். பழைய ஜீப் பிக்கப் அது. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் திறந்த தொட்டி, தொட்டிக்குக் கீழே டிராலி மாட்டும் கொக்கி. இரண்டு வாளித் தண்ணீர், ஒரு கிழிந்த பாவாடை, கடைசியில் கொஞ்சம் புளி. புளி எதற்கென்றால், ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஆணி அடித்து வைத்திருந்த உள்ளங்கையளவு பித்தளைத் தகட்டுக்கு. வீட்டுக் குத்துவிளக்கைத் துலக்கிய கையோடு அதையும் துலக்கிவிடுவாள்.

தகட்டில் கோடும் எழுத்துமாகச் செதுக்கியிருக்கும். மேல் வரிசையில் பெரிய கியருக்கு உண்டான படம். கீழே, பெரிய கியருக்குப் பக்கத்தில் குட்டையாக நிற்கும் சின்ன லீவருக்கு உண்டான படம்: இரண்டு, நான்கு, அதற்கும் கீழே பக்கத்தில் ஒரு ‘எல்’ போட்ட இன்னொரு நான்கு. பாகூரில் அவள் அப்பாவின் டிராக்டரிலும் இப்படி ஒரு சின்ன லீவர் உண்டு. சேற்றில் இறங்கும்போது அப்பா அதை ‘லோ’வில் தள்ளுவார், டிராக்டர் ஆமை மாதிரி நகரும், ஆனால் நிற்காது. இதுவும் அதுதான், ‘எல்’ என்றால் அந்த ‘லோ’, எண் என்பது இழுக்கிற சக்கரங்களின் கணக்கு என்று தகட்டைத் துலக்கிய முதல் வாரமே அவளுக்குப் புரிந்துவிட்டது. யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அருள்முருகனைப் பொறுத்தவரை சின்ன லீவர் என்பது திருஷ்டிக்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்த கயிற்றைத் தொங்கவிட வாகான ஒரு கொம்பு.

அன்றைக்கு வண்டி கழுவி முடித்தபோது சாவி அவள் இடுப்பில் இருந்தது. அது புதுசு.

மில்லில் பதினெட்டு வருஷம் தறி ஓட்டிவிட்டு, மில் மூடியதும் இந்த வண்டியை வாங்கியவர் அருள்முருகன். சுனாமிக்கு அடுத்த வருஷம் அது. தவளக்குப்பத்தில் சுப்பிரமணியன் வைத்திருந்த பட்டறையில் ஃபைபர் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக வார்த்துக்கொண்டிருந்தார்கள். அவற்றை டிராலியில் ஏற்றி, கடற்கரைக் குப்பங்களுக்கு இழுத்துப்போய்ச் சேர்ப்பது அவர் தொழில். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மச்சினன் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் சீரியல் பல்பு கட்டுகிறேன் பேர்வழி என்று பந்தல் காலில் ஏறும்வரை. விழுந்ததில் முறிந்தது இடது கை. கியர் போடும் கை.

“டிரைவர் இல்லன்னா வேற வண்டி பாத்துக்கறேன் முருகா” என்று சுப்பிரமணியன் போன் செய்தபோது, பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த நிர்மலாதேவி, “நான் ஓட்றேன்னு சொல்லுங்க” என்றாள்.

மகளிர் குழுவில் இலவசமாக வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது பதினோரு பேர் சேர்ந்தார்கள். லைசென்ஸ் வரை போனது இவளும் ஜெயமும்தான். ஆறு மாதமாக அந்த லைசென்ஸ் ரேஷன் கார்டு உறைக்குள் தூங்கிக்கொண்டிருந்தது.

அருள்முருகன் போனை மார்பில் கவிழ்த்துக்கொண்டார். பிறகு சொன்னார்: “இந்த ஒரு தபா. வழியில எங்கனா படகு நின்னுச்சின்னு வையி, சாவி செவுத்து ஆணிக்குப் போயிடும். அப்பறம் வண்டின்னு வாயத் தொறக்கக் கூடாது.”

“நிக்கலன்னா?”

“மொதல்ல ஓட்டு.”

படகு பிள்ளைச்சாவடி மண்ணாங்கட்டியுடையது. அவரும் அவர் மனைவி அஞ்சலாட்சியும் உறவு ஜனத்தோடு பட்டறைக்கே வந்து பூசை போட்டார்கள். படகின் மூக்கில் மஞ்சளும் குங்குமமும், டிராலியின் ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஓர் எலுமிச்சம்பழம். ஸ்டியரிங் பக்கம் ஏறிய நிர்மலாதேவியைப் பார்த்து மண்ணாங்கட்டி கொஞ்சம் திகைத்தார்.

“முருகா, தங்கச்சியா ஓட்டுது?”

“நான் பக்கத்துல உக்காந்து சொல்லிக்கினே வருவேன் அண்ணே.”

“சொல்லு, சொல்லு. ஒண்ணே ஒண்ணு. பூச போட்ட படகு கடல் தண்ணியத் தொடற வரைக்கும் பின்னால வரக்கூடாது. ஒரு அடி வந்தாலும் எங்க குப்பத்துல அத யாரும் தொட மாட்டாங்க.”

“வராது அண்ணே” என்றாள் நிர்மலாதேவி.

சொல்லிக்கொண்டேதான் வந்தார் அருள்முருகன். கடலூர் ரோட்டில் ஏறியதும் ஆரம்பித்தார்: “செகண்ட்லயே எடு. ஃபர்ஸ்ட்டு டீசல் குடிக்கும். எடுத்தியா? தேர்டு போடு. ஏன் உறுமுது? போடுன்றேன்.” அரியாங்குப்பம் பாலத்தில் ஏறி இறக்கம் வந்ததும், “நியூட்ரல்ல வுடு, தன்னால உருளும்” என்றார்.

“உருண்டா பின்னால இருக்கற படகு நம்மளத் தள்ளும். பிரேக்கு தாங்காது” என்று சொல்லிவிட்டு அவள் செகண்டிலேயே வைத்திருந்தாள். எஞ்சின் முனகியபடி படகைப் பிடித்துக்கொண்டே இறங்கியது. எதிரே வந்த டவுன் பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டி, பொம்பளை, படகு, மறுபடி பொம்பளை என்று மாற்றி மாற்றிப் பார்த்தார். நெல்லித்தோப்பு சிக்னலில் சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் மற்ற வண்டிகளை எல்லாம் நிறுத்தி, சல்யூட் மாதிரி ஒன்றை அடித்து அனுப்பி வைத்தார். நிர்மலாதேவிக்குச் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள்.

பிள்ளைச்சாவடி திருப்பத்தில் குப்பமே காத்திருந்தது. அங்கேதான் வினை. படகு கடலுக்கு வெறுமையாகப் போகக்கூடாதாம். வலை, ஐஸ் பெட்டி, இரண்டு மூட்டை அரிசி என்று ஏற்றினார்கள். நிறைகுடத்தோடு அஞ்சலாட்சி ஏறி நடுவில் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து நாத்தனார்கள் நான்கு பேர், அவர்களைப் பார்த்துப் பிள்ளைகள் ஏழெட்டு.

“இன்னா அண்ணே, இது படகா, பஸ்ஸா?” என்றாள் நிர்மலாதேவி.

“கொஞ்ச தூரந்தான தங்கச்சி. அந்த மேட்டத் தாண்டி வுட்டுட்டா போதும், அப்பறம் நாங்க தோள் குடுத்துத் தள்ளிக்குவோம்.”

மேடு என்றது மணல் மேடு. தெரு முடிந்து கடல் தெரியும் இடத்தில் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. பாதி ஏறும்வரை வண்டி மரியாதையாக வந்தது. பிறகு உடம்பெல்லாம் உதறியது. கிளட்ச் கருகும் வாசனை மூக்கில் ஏறியது.

“ஃபர்ஸ்ட்டு போடு! ஃபர்ஸ்ட்டு!” காலையிலிருந்து ஃபர்ஸ்ட்டைத் திட்டிக்கொண்டு வந்த அதே வாய்.

போட்டாள். பின்சக்கரம் இரண்டும் நின்ற இடத்திலேயே சுழன்று மணலை வாரி இறைத்தன. வண்டி ஒரு சாண் கீழே புதைந்தது. அவள் உடனே காலை எடுத்து, பிரேக்கை முழுசாக மிதித்து, ஜன்னலில் தலையை நீட்டினாள்.

“அண்ணே! டிராலி சக்கரத்துக்குப் பின்னால கட்டைய வையிங்க! சீக்கிரம்!”

மண்ணாங்கட்டியும் இரண்டு பேரும் பனங்கட்டைகளை உருட்டி வந்து முட்டுக் கொடுத்தார்கள். படகு நின்றது. பின்னால் வரவில்லை, முன்னாலும் போகவில்லை.

“இருவது அடி ரிவர்ஸ் எடுத்து, வேகமா வந்தா ஏறிடும்” என்றார் அருள்முருகன்.

மேலேயிருந்து அஞ்சலாட்சியின் குரல் வந்தது: “யார்ராவன் ரிவர்ஸ்ன்றது? பின்னால வந்தா நான் கொடத்தோட இங்கயே குந்திக்கினு இருப்பேன், எறங்கவே மாட்டேன்!”

அருள்முருகன் ஜன்னலிலிருந்து தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். பிறகு மனைவியின் பக்கம் திரும்பி, சத்தமில்லாமல் சொன்னார்: “நின்னுடிச்சி, நிர்மலா.”

அவளுக்குச் சாவி ஞாபகம் வந்தது. எதிரே பித்தளைத் தகடு காலையில் போட்ட புளிக்குப் பளபளவென்று இருந்தது. சின்ன லீவரிலிருந்து எலுமிச்சம்பழக் கயிற்றைக் கழற்றி அவர் மடியில் வைத்தாள்.

“ஏய், அத எதுக்குக் கழட்டற?”

“பிடிங்க.”

கிளட்சை மிதித்துக்கொண்டு, சின்ன லீவரை இழுத்தாள். அசையவில்லை. எத்தனை வருஷமாக அசையாமல் கிடந்ததோ. இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்து இழுத்தாள். ‘கடக்’ என்று எங்கேயோ வண்டியின் வயிற்றுக்குள் ஒரு சத்தம். கடைசி நான்கில் விழுந்துவிட்டது.

“இப்ப ஃபர்ஸ்ட்டா?” என்று கேட்டார் அருள்முருகன். அவர் கேட்டது அவளிடம்தான்.

“ஃபர்ஸ்ட்டு மறுபடியும் தோண்டும். நீங்க சொன்ன செகண்டுதான்.”

செகண்ட் போட்டு, கிளட்சை மெல்ல மெல்ல விட்டாள். முன்சக்கரங்களும் சுற்றத் தொடங்கின. வண்டி உதறவில்லை, உறுமவில்லை. அவசரமே இல்லாத கிழவர் காலைக்கடனுக்குப் போகிற மாதிரி ஓர் அடி, இன்னோர் அடி என்று மணலைக் கவ்விக்கொண்டு ஏறியது. பக்கத்தில் படகில் ஏறாத பிள்ளைகள் நடந்தே முந்திப் போனார்கள். ஆக்சிலேட்டரை அதிகம் மிதிக்கவேண்டும்போல் கால் பரபரத்தது; மிதிக்கவில்லை. மேட்டின் உச்சியில் வண்டியின் மூக்கு வானத்தைப் பார்த்தது, பிறகு தாழ்ந்தது. கடல் முழுசாகத் தெரிந்தது.

விசில் பறந்தது. ஆட்கள் படகைத் தோளால் தள்ளி இறக்க, அலை வந்து அதன் மூக்கை நனைத்தது. அஞ்சலாட்சி இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் குடத்தைக் கவிழ்த்துவிட்டு, ஈரப் புடவையோடு ஓடிவந்து நிர்மலாதேவியின் வாயில் ஒரு கை சர்க்கரைப் பொங்கலைத் திணித்தாள். “யம்மா, ஓட்டினா இப்புடி ஓட்டணும்டி! ஒரு சொட்டு சிந்தல!” அருள்முருகனுக்கும் ஒரு வாய் கிடைத்தது. எலுமிச்சம்பழக் கயிற்றை இன்னும் கையில் பிடித்துக்கொண்டே மென்றார்.

ஞாயிற்றுக்கிழமை மண்ணாங்கட்டி ஒரு கூடை சங்கரா மீன் கொடுத்தனுப்பினார். நிர்மலாதேவி கூடத்தில் உட்கார்ந்து அதைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தபோது அருள்முருகனின் போன் அடித்தது. அவர் “சரி”, “சரி”, “சொல்றேன்” என்று மூன்றே வார்த்தை பேசி வைத்தார்.

“யாரு?”

“சுப்பிரமணியன். புதன்கிழமை காலாப்பட்டுக்கு ரெண்டு படகு.” கொஞ்சம் இழுத்தார். “அந்தம்மாவையே அனுப்புன்றான்.”

“ஓகோ.”

“கை இன்னும் மூணு வாரம் ஆவும். அதனால சொல்றேன்.”

“ஓகோ.”

கட்டுப் போட்ட கையை மடியில் ஏந்திக்கொண்டு அவர் சுவரில் காலியாக இருந்த ஆணியைப் பார்த்தார். மீனைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

“ஏம்மே, அந்தச் சின்ன லீவரு. அத எப்ப போடணும், எப்ப எடுக்கணும்? உனக்கு எவன் சொன்னான் இதெல்லாம்?”

நிர்மலாதேவி மீன் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள். இடுப்பில் செருகியிருந்த சாவி கூடையில் பட்டுக் ‘கிளிங்’ என்றது. வாசலில் ஒரு வாளியும் கிழிந்த பாவாடையும் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே சமையற்கட்டுக்குள் போய்விட்டாள்.