கனிசியஸின் இறப்பர்ச் செருப்பு

கரண்ட் இல்லாத ஊரில் ரீவி திருத்துகிறவனுக்கு என்ன பிழைப்பு என்று நீங்கள் கேட்கலாம். தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் கரண்ட் நின்றபோது கனிசியஸின் மனைவி மக்டலீனும் அதைத்தான் கேட்டாள். நடந்தது வேறு. ரீவி, படக் கசெற் போடுகிற டெக், ஜெனறேற்றர் மூன்றையும் சேர்த்து வாடகைக்கு விடுகிற ஆட்கள் ஊரெல்லாம் முளைத்தார்கள். பள்ளமும் திட்டியுமான ரோட்டில் சைக்கிள் கரியரில் குலுங்கிக் குலுங்கிப் போன ரீவிகளுக்குள்ளே ஈய ஒட்டு வெடித்து விட்டுப்போய், கடைசியில் எல்லாம் கொக்குவிலில் கனிசியஸின் மேசைக்கே வந்து சேர்ந்தன. குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த மனிதருக்கு அந்தக் கோதாரி ரோட்டுத்தான் சோறு போட்டது.

வேலையில் ஆள் சூரன், வாய்தான் பொல்லாதது. ரீவியின் பின்மூடியைக் கழற்றினால் ஒருவரையும் கிட்ட அண்ட விடமாட்டார். ஒருமுறை பிக்சர் ரியூப் கையில் அடித்து அவரைச் சுவரோடு எறிந்திருந்தது. அன்றைக்கு மக்டலீன் போட்ட சட்டம், இறப்பர்ச் செருப்புப் போடாமல் ரியூப்பைத் தொடக்கூடாது என்பது. அதற்கென்றே ரோட்டை மிதிக்காத ஒரு சோடியைப் பேப்பரில் சுற்றிப் பையில் வைத்திருந்தார்.

தொண்ணூற்று மூன்றில் ஒரு நாள், வாடகை ரீவிக்காரன் தம்பிராசா மூச்சு வாங்க வந்து சைக்கிளால் குதித்தான்.

"அண்ணை, நீர்வேலியிலை படம் விழுந்துபோச்சு. ஒற்றைக் கோடுதான் நிக்குது. கெதியா வாங்கோ, மனிசி அழுது குழறுது."

மனிசி என்று அவன் சொன்னது சிவக்கொழுந்தை. வாழைத்தோட்டக்காரி, புருசன் இல்லை. ஒரே மகன் எண்பத்து நாலில் ஜேர்மனிக்குப் போனவன். அங்கே நடந்த அவனுடைய கலியாணக் கசெற் கொழும்பால் வந்த ஒருவர் கையில் வந்திருந்தது. பின்னேரம் அது சுன்னாகத்துப் பெண்வீட்டாருக்குப் போயாக வேண்டும், அவர்களும் பெற்றவர்கள்தானே. ஒன்பது வருசமாகக் காணாத பிள்ளையைப் பார்க்க அவளுக்கு இருந்தது அந்த ஒரு பகல்தான். மாப்பிள்ளை மண்டபத்துக்குள் வருகிற நேரம் பார்த்துப் படம் கோடாகச் சுருங்கிவிட்டது. நாதஸ்வரச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்ததாம். பாழாய்ப்போன ரீவி, வேறு நேரம் கிடைக்கவில்லையா அதற்கு!

நீர்வேலி வீட்டு வாசலில் கனிசியஸ் பையைத் திறந்து செருப்பை எடுத்தார். சிவக்கொழுந்து குறுக்கே வந்து நின்றாள்.

"குறை நினையாதையும் தம்பி. ரீவி இருக்கிறது சாமியறை வாசல். செருப்போடை ஒருத்தரையும் நான் உள்ளுக்கு விடுறேல்லை."

"புதுச் செருப்பம்மா. மண்ணே மிதிக்கேல்லை."

"மிதிக்காட்டிலும் செருப்புத்தானே."

இவர்கள் கதைத்துக்கொண்டிருக்க, தம்பிராசா உள்ளே போய்ப் பின்மூடியைக் கழற்றிவிட்டு, ரியூப்பின் முதுகில் இருந்த இறப்பர் மூடிக்குக் கையை நீட்டினான். கனிசியஸ் வெறுங்காலோடு பாய்ந்து அந்தக் கையில் ஓங்கி ஒன்று போட்டார்.

"எடேய் விசரா! சாகப்போறியே?"

"ஜெனறேற்றர் நிண்டு எவ்வளவு நேரம் அண்ணை! மூண்டு வருசமாக் கரண்டைக் காணாத ஊரிலை என்ன ஷொக்?"

"ஜெனறேற்றர் நிண்டது உனக்குத் தெரியும், ரியூப்புக்குத் தெரியுமோ? குடிச்ச கரண்ட் முழுக்க உதுக்குள்ளைதான் கிடக்குது. மாடு மாதிரி உதைக்கும்."

வீட்டுக்காரி காலையில்தான் சீமெந்து நிலத்தைக் கழுவி விட்டிருந்தாள். உள்ளங்கால் குளிர்ந்தது. வெறுங்காலோடு செய்தால் மக்டலீனுக்கு யார் போய்ச் சொல்லப்போகிறார்கள்? ஆனால் அன்றைக்கு அடிவாங்கிய முழங்கைக்கு இன்னும் மறக்கவில்லை. அவர் ஒளிக்காமல் சொன்னார்.

"அம்மா, எனக்குப் பயம். செருப்பில்லாமல் நான் தொடமாட்டன்."

சிவக்கொழுந்து ரீவியைப் பார்த்தாள், சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். அறைக்குள் போய், வெள்ளைச் சீலையில் சுற்றிய பலாமரப் பலகை ஒன்றைத் தூக்கி வந்து ரீவிக்குப் பின்னால் போட்டாள்.

"இது மரம். இதிலை ஏறி நிண்டு செய்யலாமோ?"

"ஓம். செய்யலாம்."

தம்பிராசா பதறிவிட்டான். "உது மோன்ரை கலியாணத்துக்கெண்டு செய்விச்ச மணையெல்லோ!"

"அவன் அங்கை கதிரையிலை இருந்து தாலி கட்டிப்போட்டானாம். சும்மா கிடக்கிற பலகைதானே. ஏறும் தம்பி."

கனிசியஸ் கூசிக் கூசித்தான் ஏறினார். ஒரு வயரின் நுனியை ரியூப்பைச் சுற்றியிருந்த வெறுங்கம்பியில் கொழுவினார், மற்ற நுனியை ஸ்குரூ டிறைவரின் இரும்பில் சுற்றினார். இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, பிளாஸ்ரிக் பிடியில் பிடித்து, நுனியை இறப்பர் மூடிக்குக் கீழே மெல்லச் செலுத்தினார். டிக்! நீலப் பொறி ஒன்று பாய்ந்தது. சிவக்கொழுந்து "முருகா" என்றாள். தம்பிராசா சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான். கொஞ்சம் பொறுத்து இன்னொருமுறை வைத்தார். சின்னதாய் ஒரு டிக்.

"பாத்தியே? ஒளிச்சிருந்து திரும்ப வரும் கள்ளன்."

மூன்றாந்தரம் சத்தமில்லை. பிறகென்ன, ஈயக்கோலை அடுப்பில் சிரட்டைத் தணலில் காய்ச்சி, வெடித்திருந்த ஒட்டைப் பிடித்துவிட்டார்.

ஜெனறேற்றர் உறுமியது. கோடு விரிந்து படமாகியது. தலைப்பாக் கட்டிய மகன் மண்டபத்தில் ஒரு கதிரைக்கு முன்னால் வந்து நின்றான். கதிரையில் ஆள் இல்லை. சிவக்கொழுந்தின் படத்தைச் சட்டம் போட்டு வைத்திருந்தார்கள். அவன் விழுந்து கும்பிட்டான்.

அவள் எழும்பிப் போய் ரீவிக் கண்ணாடியில் கை வைத்தாள். கண்ணாடி சுளீரென்றது. மயிர் குத்திட்ட கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"தொடாதையுங்கோ!" என்று கத்தினான் தம்பிராசா, இப்போதுதான் எல்லாம் படித்தவன்போல.

"பொத்தடா வாயை," என்றார் கனிசியஸ். "முன்பக்கம் ஒண்டும் செய்யாதம்மா. வடிவாத் தொடுங்கோ."

பிறகு குனிந்து டெக்கின் பொத்தானை அமத்தினார். படம் அப்படியே நின்றது. மகன் எழும்பாமல் கிடந்தான். சிவக்கொழுந்து அவன் தலையில் கையை வைத்தாள்.

"நல்லாயிரு ராசா," என்றாள்.