மன்னி தந்த உயிர்கள்

பல்லில் சீழ் பிடித்ததற்குச் சாப்பிட்ட ஆன்டிபயாட்டிக்கில்தான் எல்லாம் ஆரம்பித்தது. பல் சரியானது, அடுத்த வாரமே வயிற்றுப்போக்கு. மருந்து சாப்பிட்டால் நிற்கும், நிறுத்தினால் திரும்பும். மூன்றாவது முறை திரும்பியபோது என் புடவை இடுப்பில் நிற்கவில்லை. திருவெறும்பூரில் நான் கணக்கு நடத்தும் பள்ளிக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் போகும் தைரியம் போய், நீண்ட லீவு போட்டேன்.

தில்லை நகர் டாக்டர் நிதானமாக விளக்கினார். "கெட்டதைக் கொல்லக் கொடுத்த மருந்து, குடல்ல இருந்த நல்ல பாக்டீரியாவையும் அழிச்சிடுச்சுங்க. நாம சாப்பிடுற நார்ச்சத்தை அதுங்க புளிக்க வெச்சு சில அமிலங்கள் தயாரிக்கும். உங்க குடல் செல்லுக்குள்ள எந்த ஜீன் வேலை செய்யணும், எது அடங்கி இருக்கணும்னு அந்த அமிலங்கள்தான் சைகை காட்டும். சைகை காட்ட ஆளில்லாததாலதான் வீக்கம் அடங்க மாட்டேங்குது."

ஆரோக்கியமான ஒருவரின் மலத்தைச் சோதித்து, சுத்திகரித்து, குழாய் வழியே என் குடலுக்குள் செலுத்த வேண்டும். அதுதான் சிகிச்சை.

அம்மாவுக்குச் சர்க்கரை. அண்ணா அப்போதுதான் காய்ச்சலுக்கு ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டிருந்தான். எல்லாச் சோதனையிலும் தேறியது அண்ணாவின் மனைவி, என் மன்னி, மட்டும்தான். பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்ப்பவள், கிறிஸ்தவப் பெண். அண்ணாவும் அவளும் அங்கேயே தனியாகக் குடியிருக்கிறார்கள். கல்யாணமாகிப் பல வருஷமாகியும் எங்கள் சமையலறை வாசலைத் தாண்ட அம்மா அவளை விட்டதில்லை. ஏனென்று நானும் அம்மாவை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அதனால் அவளிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது. ஒருவழியாகக் கேட்டதும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"நான் வெச்ச குழம்பை இதுவரைக்கும் உங்க வீட்டுல யாரும் தொட்டதில்ல. இப்ப இதைக் கேக்குற!" பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எப்ப வரணும், சொல்லு."

அம்மா கொதித்தாள். "அவ கையால ஒரு வாய் தீர்த்தம் வாங்கினதில்லை இந்த ஆத்துல. இந்தக் கண்றாவி உனக்கு வேணுமா? நம்ம வம்சம் என்ன, ரத்தம் என்ன!"

"ரத்தம் அப்படியேதாம்மா இருக்கும். ஜீனும் மாறாது. அதுல எது வேலை செய்யணும்னு சொல்லத்தான் எனக்குள்ள இப்போ ஆளில்லை. அது மன்னிகிட்ட இருக்கு. நான் வாங்கிக்கப் போறேன்."

வாங்கிக்கொண்டேன். சில நாட்களில் போக்கு நின்றது. இரண்டாவது மாதம் பள்ளிக்குப் போனேன்.

"யார் கேட்டாலும் நாட்டு மருந்துன்னு சொல்லு" என்று அம்மா கெஞ்சினாள். சித்தி பெண்ணின் சீமந்தத்தில், பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த அத்தை கேட்டாள்: "உடம்பு எப்படிடீ தேறித்து?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் குரலைத் தாழ்த்தவில்லை. "மன்னியோட குடல்ல இருந்த பாக்டீரியாவை டாக்டர் எனக்குள்ள வெச்சார், அத்தை. அதுதான் என்னைக் காப்பாத்தித்து."

அத்தை இலையை மடித்துவிட்டு எழுந்தாள். இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். எனக்குப் பசித்தது, ரசத்துக்குச் சாதம் போடச் சொன்னேன்.

அம்மா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. சமையலறை விதியும் மாறவில்லை. அதை மாற்றாத எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சாப்பிடுவதில்லை. காலையிலேயே பொன்மலைக்குக் கிளம்பிவிடுகிறேன். அம்மா கேட்காவிட்டாலும், மன்னி என்ன சமைத்தாள் என்பதைத் திரும்பி வந்ததும் சொல்கிறேன்.